வயிற்றுவாரும் இரண்டு விரலும்

குதிரையின் வயிற்றில் வாரை இறுக்கும் முன் அதன் காதைப் பார்க்க வேண்டும் என்பது ஐம்பது வயதுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த அறிவு. அதுவரை காது கேட்பதற்கென்றே நினைத்திருந்தேன். முதுகில் சேணத்தை வைக்கும்போது எங்கள் குதிரையின் காது ஒரு பக்கம் சாயும். வாரைக் கையில் எடுத்ததும் இரண்டும் பின்னால் ஒட்டிக்கொள்ளும். கொக்கியில் மாட்டப் போனால் தலை திரும்பி வரும், பல்லோடு.

‘எங்கள் குதிரை’ என்பது சற்றுப் பெரிய பேச்சு. அது மனைவியின் தம்பியுடையது. கத்தாரில் குதிரைகள் வைத்திருந்த ஒருவரிடம் அவன் வாகனம் ஓட்டினான். குதிரைகளை வாகனக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பல வருடம் பார்த்தான். அந்தத் தகுதியோடு ஊர் திரும்பி, நுவரெலியாவில் பந்தய ஓட்டத்துக்கு உதவாதென்று கழித்த பெட்டைக்குதிரை ஒன்றை வாங்கி, கல்லடிக் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றி நடத்தத் தொடங்கினான். குதிரை நிற்பது தன்னாமுனையில், எங்கள் வளவில். வாவிக் காற்று அதற்கு நல்லதாம். தண்ணீர் வைப்பதும் லத்தி அள்ளுவதும் என் பொறுப்பு.

முதலில் அது கடிக்கவில்லை. மச்சான் பின்னேரங்களில் அதை வாவியில் குளிப்பாட்டி, நனைந்த வாரை வேலியில் காயப்போடுவான். உப்புத் தண்ணீரில் தோல் வார் விறைத்துப்போனது. அதற்கு இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லும் வைத்தியத்தையே அவனும் செய்தான்: தேங்காயெண்ணெய். வார் நன்றாக இளகியது. நானும் மெச்சினேன். எண்ணெய் பூசிய வார் கடற்கரை மணலுக்குப் போனால் என்னவாகும் என்று இருவருக்கும் மூளை ஓடவில்லை. மணல் அப்பி, வார் மண்கடதாசியாகி, முன்னங்காலுக்குப் பின்னால் தோலை உரித்துவிட்டது. கடியும் அப்போதுதான் தொடங்கியது.

மனைவிதான் முதலில் கண்டாள். “உங்க ரெண்டு பேரையும் அந்த வாரால கட்டி நடக்க விட்டாத் தெரியும்” என்றாள்.

வாரை எறிந்தோம். மெத்தென்ற புது வார், அதற்கொரு ரோம உறை, காயத்துக்கு மருந்து. புண் ஆறி, புது மயிரும் முளைத்தது. குதிரை முன்பைவிட அதிகமாகக் கடித்தது.

அப்போதுதான் நான் படிக்கத் தொடங்கினேன். எதற்கும் படிப்பது என் வியாதி. வார் பட்டால் குதிரை சினப்பதற்குப் பொருந்தாத சேணம் காரணமாகலாம், முதுகுவலி காரணமாகலாம், இரைப்பையில் புண் இருக்கலாம். எல்லாம் ஆறிய பிறகும் வலித்த நினைவு மட்டும் மிஞ்சியிருக்கலாம். நினைவென்றால் பொறுமையாகப் பழக்கலாம். வலியென்றால் சேணம் கட்டுவதே கொடுமை. எது என்று குதிரையைத்தான் கேட்க வேண்டும்.

மிருக வைத்தியர் வந்தார். விலாவை அழுத்தினார், முதுகைத் தடவினார், வாய்க்கு எட்டாத தூரத்தில் நின்று யோசித்தார்.

“மாட்டுக்கு வயிறு நாலு, ஐயா. அதுக்குள்ள நான் கண்ண மூடிட்டுப் போய் வருவன். இதுக்கு ஒண்டுதான். அதுதான் பயமாக் கிடக்கு.”

“உள்ள புண் இரிக்கா எண்டு பாக்க ஏலாதா?”

“குழாய் விட்டுப் பாக்கணும். அவ்வளவு நீளக் குழாய் இஞ்ச ஆருட்ட இரிக்கு? வெறும் வயித்தில கட்டாதீங்க. மெல்ல மெல்ல இறுக்குங்க. மறுகா பாப்பம்.”

ஆகவே மெல்ல மெல்ல. முதலில் புல். பிறகு வாரை விலாவில் தொட்டு எடுப்பது. காது பின்னால் போனால் நிறுத்துவது. அடுத்து மிகத் தளர்வாக ஒரு துளை, கொஞ்சம் நடை, இன்னொரு துளை. முன்னங்காலைத் தூக்கி முன்னால் நீட்டி, வாருக்கடியில் மடிந்த தோலை நேராக்குவது. கடைசியாக, வாருக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்ப்பது.

“என்ன அண்ணன், குதிரைக்குச் சட்டை தைக்கவா அளவெடுக்கிறீங்க?” என்று வீதியில் சைக்கிளை நிறுத்திக் கேட்டார் மீன்காரர்.

சில நாள் காது அசையவில்லை. மறுநாளே, எந்தக் காரணமும் இல்லாமல், பழையபடி பல். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது.

“கத்தார்ல ஒரு இழுவைதான், அத்தான். நீங்க கல்யாணப் பொண்ணுக்குச் சீலை உடுத்துற மாதிரி நிக்கிறீங்க.”

சொன்னவன் வாரைப் பிடித்து ஒரே இழுவையில் இறுக்கினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் ஒன்றும் இல்லை. திறந்தபோது குதிரை நின்றுகொண்டிருந்தது.

“பாத்தீங்களா? உங்கட படிப்பெல்லாம் சும்மா!”

காது பின்னாலும் இல்லை, முன்னாலும் இல்லை, பக்கவாட்டில் தொங்கியது. கண் பாதி மூடியிருந்தது. வாயோரம் மட்டும் இறுகியிருந்தது. பழகிவிட்ட குதிரையும் அப்படி நிற்கலாம். சொல்லிச் சொல்லிப் பார்த்து, இனிச் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்ட குதிரையும் அப்படியே நிற்குமாம், அதையும் படித்திருந்தேன்.

“அது நிக்கிற விதம் சரியில்லடா.”

“நிக்குதா இல்லையா?”

நின்றது. அதற்கு மேல் வாதாட என்னிடம் ஆதாரம் இல்லை.

“கொஞ்ச நாளைக்குச் சும்மா விடன்” என்று தம்பியிடம் மனைவியும் சொல்லிப் பார்த்தாள். வேலை செய்யாத குதிரையை வைத்திருக்க ஏலாது, வித்துப்போடுவன் என்றான். வாங்கப் போகிறவனும் ஒரே இழுவைக்காரனாகத்தான் இருப்பான். ஆகவே குதிரையோடு நானும் கல்லடிக்குப் போனேன், கயிறு பிடிக்கிறேன் என்று.

ஒரு சின்னப் பெண்பிள்ளையை ஏற்றினோம். மச்சான் அந்தப் பக்கம் திரும்பியதும் வாரை ஒரு துளை தளர்த்தினேன். குதிரை பெருமூச்சு விட்டது. எனக்கும் மூச்சு வந்தது. கொஞ்சத் தூரம் போவதற்குள் சேணம் மெல்லச் சரிந்தது. பிள்ளை அலறியபடி என் கழுத்தில் விழுந்தது. தாய் ஓடி வந்தார்.

“என்ன, ஒழுங்காக் கட்டத் தெரியாதா உங்களுக்கு?”

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை; திரும்பவும் ஏற வேண்டும் என்று அடம்பிடித்தது. சேணத்தை நிமிர்த்தி, தளர்த்துவதற்கு முன் இருந்த துளையில் வாரை என் கையாலேயே இழுத்து மாட்டினேன். குதிரை திரும்பிக் கடிக்கும் என்று காத்திருந்தேன். அது கடலைப் பார்த்தபடி நின்றது.

“இப்ப சரியா?” என்றார் தாய்.

“ஓம், இனி விழாது” என்றேன். அந்த ஒன்றுக்கு மட்டும்தான் என்னிடம் பதில் இருந்தது.