ஒரு அட்டை முட்டையோடு டெஸ்ட் டிரைவ்

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் எனக்கு, விற்கிறவர் யாரையும் நம்பிப் பழக்கமில்லை. முதுகில் ஆபரேஷன் ஆன மனைவிக்காக என்று சொல்லி, புது சின்ன எஸ்யூவியை ஓட்டிப் பார்க்கப் போனேன். பின் சீட்டில் ஒரு அட்டை முட்டையை வைத்தேன். வண்டி குலுங்கினால் முட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

ஷோரூம் பெண் முன்னால் உட்காராமல் பின்னால் ஏறியதே சந்தேகமாக இருந்தது. பைபாஸிலேயே போகச் சொன்னாள். நான் வேண்டுமென்றே வேகத்தடை நிறைந்த ஜேடர்பாளையம் ரோட்டில் திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தால், அட்டையை இரு கைகளாலும் பிடித்திருந்தாள்.

"கைய எடும்மா! வண்டியோட குட்டு வெளிய வந்துரும்னு பயமா?"

"இல்லீங்ண்ணா. உடைஞ்சா சீட்டை நாந்தானுங்க கழுவோணும். முட்டைக்குப் பதிலா அக்காவையே கூட்டிட்டு வந்திருக்கலாமுங்களே?"

எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் மனைவியை உட்கார வைத்து அதே ரோட்டில் ஓட்டினேன். இரண்டு வேகத்தடை தாண்டியதும், "வண்டி எப்படி?" என்றேன்.

"வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. நீங்கதான் பிரேக்கே போட மாட்டேங்கறீங்க. பழைய வண்டியிலயும் இப்படித்தானுங்க."

ஊரையே சந்தேகப்பட்ட நான், ஸ்டியரிங் பிடித்த ஆளை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.