வெள்ளையாகவே வந்து சேர்ந்த கல்

எண்பத்தேழாம் வருஷம் மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ராஜபாளையத்தில் சேத்தூர் பஸ் ஏறினேன். கையில் மூடி போட்ட தூக்குவாளி. பிள்ளைகளே, நான் போன இடத்துக்கு நீங்கள் யாரும் போயிருக்க மாட்டீர்கள். அது ஒரு கண்மாயின் அடிமண்.

முந்தின வாரம் சேத்தூரில் என் மச்சான் மாடசாமி, வற்றிய கண்மாயில் கரம்பை மண் வெட்டி வயலுக்கு உரமாகக் கொட்டியிருந்தார். சாயங்காலம் பார்த்தால் மண்ணுக்குள் நீல நீலமாகக் கட்டிகள். துணிக்குப் போடும் நீலத்தை யாரோ கொட்டிவிட்டார்கள் என்று ஊரையே ஏசினார். அதில் ஒரு கட்டியை, ஸ்ரீவில்லிபுத்தூரில் விடுதியில் தங்கி ஒன்பதாவது படிக்கும் என் மகள் செல்விக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயர் விவியனைட் என்றார் அவளுடைய டீச்சர். மண்ணுக்குள் இருக்கும்வரை வெள்ளை. வெளிச்சமும் காற்றும் பட்டால் நீலமாம்.

"அப்பா, வெள்ளையாவே கொண்டாங்க. கண்காட்சியில எல்லார் முன்னாலயும் நீலமாக்கிக் காட்டுறேன்னு பேர் குடுத்துட்டேன்" என்றாள் செல்வி. அந்தக் கண்காட்சி நான் பஸ் ஏறிய அதே சனிக்கிழமை பதினோரு மணிக்கு.

கண்மாயில் மேல்மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. முழங்கை ஆழத்துக்குக் கீழே கறுத்த ஈரச்சேறு. அதில் ஏதோ பழைய மாட்டு விலா எலும்பு. அதைச் சுற்றிச் சுண்ணாம்பு போல வெள்ளைக் கட்டிகள். நகம் பட்டாலே பள்ளம் விழுந்தது.

"மச்சான், வெயில மறைங்க!"

மாடசாமி துண்டை விரித்துப் பிடித்தார். "பச்சப்புள்ளயக் குளிப்பாட்டுத மாதிரில்லா இருக்கு மாப்ளே!"

கட்டிகளைச் சேற்றோடு அள்ளி வாளியில் வைத்து, மேலே சேறு அப்பி, மூடி, ஈரத்துணி சுற்றினேன்.

ஒன்பதரைக்கு ராஜபாளையத்தில் பஸ் மாறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பதினோரு கிலோமீட்டர் இருக்கும்.

"வாளியில என்னய்யா, சொட்டுது?" என்றார் கண்டக்டர்.

"சேறு."

பக்கத்து சீட்டு அம்மாள் விடவில்லை. "கண்மாய் வத்துனா வெரால் கெடைக்கும்லா? சேத்துல வச்சா உசுரோட கெடக்கும். மறைக்காதீயண்ணே, எனக்கு ரெண்டு குடுங்க."

"கல்லும்மா."

"கல்லுக்கு எதுக்கு ஈரத்துணி? காச்சலா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டர் மூடியில் கை வைத்தார். வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "தொறக்காதீய! வெளிச்சம் பட்டா போச்சு. எம்மக பள்ளிக்கூடத்துல காத்திருக்கா."

கண்டக்டர் கையை எடுத்தார். "சரி விடுங்க, வெரால் கூச்சப்படுது."

பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேகமாக நடந்தேன். அந்த அம்மாளும் பையோடு பின்னாலேயே வந்தாள்.

செல்வி பள்ளிக்கூட வாசலிலேயே நின்றாள். "வெள்ளையா இருக்காப்பா?"

"தெரியல தாயி. நான் தொறக்கவேயில்ல."

கண்காட்சி தொடங்கியதும், எல்லார் முன்னாலும் மேஜையில் சேற்றை விலக்கி ஒரு கட்டியைப் பிட்டாள். வெள்ளை! அதை ஜன்னல் வெயிலில் வைத்துப் பேசத் தொடங்கினாள். இது பாறையோடு பிறந்தது இல்லை, பிறகு உண்டானது. அதனால் இரண்டாம்நிலைத் தாது. எலும்பிலிருந்து பாஸ்பேட், சேற்றிலிருந்து இரும்பு. காற்றுப் புகாத ஈரத்தில் இரண்டும் சேர்ந்தால் இந்தக் கல்.

சொல்லி முடித்துவிட்டாள். கல் வெள்ளையாகவே இருந்தது. பின்வரிசையில் கிசுகிசுப்பு. செல்வி தாவணி நுனியைத் திருகினாள். வேறு ஏதாவது சுண்ணாம்பைக் கொண்டுவந்துவிட்டேனோ?

"ஏட்டி, ஓரத்தப் பாரு! நீலம் ஏறுது!" ஜன்னலுக்கு வெளியிலிருந்து கத்தியது அந்த பஸ் அம்மாள்தான்.

ஆமாம். முதலில் சாம்பல் மாதிரி, பிறகு வெளிர்நீலம். பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். கைதட்டல் அடங்கியதும் ஒரு சிறுமி கேட்டாள்: "அக்கா, திரும்பவும் வெள்ளையாகுமா?"

"ஆகாது. பொறவு கறுத்துக்கிட்டே போகும். இப்பவே நல்லாப் பாத்துக்கோ" என்றாள் செல்வி, சிரித்துக்கொண்டே.

மத்தியானம் திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். நூல் மில்லில் வேலை செய்கிறவன் நான். என் கையில் எப்போதும் ஒட்டியிருப்பது பஞ்சு வெள்ளைதான். அன்று மேல்கம்பியைப் பிடித்தபோது நிமிர்ந்து பார்த்தேன். காலையில் கட்டி அள்ளிய பத்து நகக்கண்ணும் நீலமாகியிருந்தன. ராஜபாளையம் வரும்வரை கையை இறக்கவே மனசு வரவில்லை.