எதிரெதிரே இரண்டு பேரிங்

எழுபதுகளின் தொடக்கத்தில், கும்மிடிப்பூண்டியில் என் வீட்டுக் கொட்டகையில் இரும்பு கடையும் சின்ன லேத் ஒன்றை நானே செய்தேன். சுழலும் தண்டுக்கு, எளாவூரில் லாரி உதிரிபாகம் விற்ற முனுசாமியிடம், கூம்பு போல ஒரு பக்கம் குறுகும் இரண்டு டேப்பர் பேரிங் வாங்கிப் பொருத்தினேன். இரும்பைக் கடையத் தொடங்கியதும் தண்டு பின்னால் நழுவியது. மறுநாள் அவர் கடையில், பத்துப் பேர் எதிரில், “தேஞ்ச பேரிங்கை என் தலையில கட்டிட்டியே” என்று கத்தினேன்.

அவர் கடையை மூடிவிட்டு என்னோடு வந்தார். தண்டைக் கழற்றிப் பார்த்தார்.

“பேரிங் நல்லாத்தான் கீது சார். ரெண்டையும் ஒரே பக்கம் பாத்தாப்ல வெச்சிக்கிறீங்க. ஒண்ணு ஒரு பக்கத் தள்ளலத்தான் தாங்கும், எதிரெதிரா பாக்கணும்.”

ஒன்றைத் திருப்பிப் பொருத்தினார். தண்டு நழுவவில்லை.

“தப்பு என்னோடதுதான்” என்றேன். அவர் சிரித்துவிட்டு டீ கேட்டார்.

பிறகு பலமுறை அவர் கடைக்குப் போனேன். தப்பு என்னோடது என்ற அந்த வார்த்தையை அங்கே, நாலு பேர் எதிரில் சொல்ல எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.