ஸ்டெப் இல்லாத விடை

தாம்பரத்தில் மருந்துக்கடைக்கு மேலே இருந்த நுழைவுத்தேர்வு பயிற்சி மையத்தில் எனக்கு இருபது நிமிட டெமோ வகுப்பு. அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். மேடவாக்கம் பக்கத்தில் நான் கணக்கு நடத்திய பள்ளியில், முந்தைய வாரம்தான் ராஜினாமாக் கடிதத்தை மேசைமேல் விசிறிவிட்டு வந்திருந்தேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

எல்லாம் ஒரு பிளஸ் ஒன் மாணவியால். இரண்டு வட்டங்களுக்கு உள், வெளி என இரண்டு ஒப்புமை மையங்களைக் காணச் சொன்ன கணக்கு. உள் மையத்தைச் சரியாகக் கண்டுபிடித்தவள், வெளி மையத்துக்கு 'இல்லை' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் இரண்டு கோடு கிழித்திருந்தாள். ஸ்டெப் எங்கே என்று சிவப்பில் எழுதி முட்டை போட்டேன். அவள் அப்பா வந்து சத்தம் போட்டார். "இன்னொரு தடவை பாருங்களேன்" என்றார் தலைமை ஆசிரியை. என்னையா சந்தேகப்படுவது? நான் பார்க்கவில்லை.

டெமோவில் மைய உரிமையாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கைடிலிருந்து இரண்டு வட்டங்களை வாசித்தார். "ஒப்புமை மையம் ரெண்டும் போடுங்க மேடம்."

வட்ட மையங்களை இணைக்கும் கோட்டை ஆரங்களின் விகிதத்தில் உள்ளே பிரித்தால் ஒன்று, வெளியே பிரித்தால் இன்னொன்று. தூக்கத்தில்கூடப் போடுவேன். மையங்கள் (2, 1), (−6, 1). ஆரம் இரண்டுக்கும் 3. உள் மையம் (−2, 1). வெளி மையத்துக்குச் சூத்திரத்தை விறுவிறுவென்று எழுதினேன். கீழே மூன்று கழித்தல் மூன்று வந்தது. பூஜ்யம். சாக்பீஸ் நின்றுவிட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"பிரிண்டிங் மிஸ்டேக். விடுங்க மேடம், வேற குடுக்கறேன்."

தலையாட்டினால் வேலை எனக்கு. டஸ்டரைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை, வட்டங்களை வரைந்தேன். இரண்டையும் தொட்டபடி மேலே ஒரு தொடுகோடு, கீழே ஒரு தொடுகோடு. அவை சந்திக்கும் புள்ளிதான் வெளி மையம். சம வட்டங்கள் ஆனதால் இரண்டும் இணையாகவே ஓடின. இந்த இரண்டு கோடுகளை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அந்த மாணவியின் தாளில், 'இல்லை'க்குப் பக்கத்தில்; அந்தக் கணக்கிலும் ஆரங்கள் சமம்.

"கணக்கு சரிதான் சார். வெளி மையம் இல்லை."

அவர் முகம் கடுத்தது. "இல்லைன்னா ஆச்சா? ஸ்டெப் எங்க மேடம்?"

போன் செய்வதாகச் சொன்னார், செய்யவில்லை. நான் கீழே இறங்கியதுமே மருந்துக்கடையின் ஒரு ரூபாய் போனில் பழைய பள்ளியைக் கூப்பிட்டேன்.

"தப்பு என்னுடையதுதான் மேடம். அந்தப் பொண்ணுக்கு முழு மார்க் போட்டுடுங்க."

எடுத்தது தலைமை ஆசிரியைதான்.

"அவ நேத்தே காமர்ஸ் குரூப்புக்கு மாறிட்டாம்மா. கணக்கே வேணாமாம்."