கால் விழுந்த சேவல்

எங்கள் சேவல் மதில்மேலிருந்து சரியாகத்தான் குதித்தது. இறங்கி நடந்தபோது இடது கால் மட்டும் கொஞ்சம் பின்தங்கி வந்தது. சுளுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் விரல்கள் உள்பக்கம் மடங்கி, புறங்காலை ஊன்றி நொண்டியது. உங்கள் வீட்டுச் சேவலும் இப்போது அப்படி நடந்துகொண்டிருந்தால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நல்ல முடிவை எதிர்பார்த்துப் படிக்க வேண்டாம்.

சுங்குவார்சத்திரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். எல்லாம் கம்பெனிக்குப் போகும் பெண்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து அவர்கள் கண்ணை மூடும் நேரம் பார்த்துத்தான் இவன் கூவுவான். அவனுக்கு சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தவள் தென்காசிப் பக்கத்து முத்துலட்சுமி. அவள் அவன்மேல் எறிந்த செருப்பைப் பலமுறை நான் கூரையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் காலில் நூலோ தலைமுடியோ சுற்றி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பெண்கள் தலைசீவும் வாசலில் மேயும் கோழிக்கு அது சகஜம். உள்ளங்காலில் முள்ளோ புண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். இவனுக்கு எதுவும் இல்லை. விளக்கெண்ணெய் தடவி ஒத்தடம் கொடுத்தேன். அந்த வாரமே ஒரு காலை முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் நீட்டிப் படுத்துவிட்டான்.

"இன்னாடி, அறுத்துக் கொழம்பு வைக்கிறத வுட்டுட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போற?" என்றார் என் கணவர். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். திட்டிக்கொண்டேதான் பைக்கை எடுத்தார்.

கால்நடை மருத்துவர் சின்ன வயதுப் பெண். அவன் விரலை அழுத்திக் கிள்ளினார். அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"மாரெக்ஸ் மாதிரி தெரியுதும்மா" என்றார். (கோழியின் நரம்பைத் தாக்கும் வைரஸ் நோய். மனிதருக்கு ஒட்டாது. குஞ்சு பொரித்தவுடன் தடுப்பூசி போட வேண்டும். வந்தபிறகு மருந்து இல்லை.) "வைட்டமின் குறைவாவும் இருக்கலாம். சொட்டு மருந்து தரேன், குடுத்துப் பாருங்க. எழுந்து நின்னா நான் சொன்னது தப்பு."

"நிக்கலன்னா?"

"தீனி உள்ள எறங்காத நாள் வரும். அதுக்கு மேல இழுக்காதீங்க."

மற்றக் கோழிகளைப் பிரித்து அடைத்தேன். முத்துலட்சுமியின் பழைய யூனிஃபார்ம் சட்டையில் கால் நுழைய இரண்டு ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் டிரேயில் தூளி மாதிரிக் கட்டி அவனை உட்காரவைத்தேன். படுத்தே கிடந்தால் நெஞ்செலும்பில் புண் வந்துவிடும். சொட்டு மருந்து கொடுத்தேன், கையால் ஊட்டினேன், பின்பக்கம் கழுவிவிட்டேன். தூக்கும்போதெல்லாம் அவன் எடை குறைந்துகொண்டே வந்தது.

கூவுவதையும் நிறுத்திவிட்டான். தொண்டையும் போய்விட்டது என்றே நினைத்தேன். முத்துலட்சுமிதான் வந்து உட்கார்ந்து பார்த்தாள்.

"எக்கா, கூவணும்னா நிக்கணும்லா? கால ஊணி எக்குனாத்தான சத்தம் வரும்? கம்பெனி லைன்ல நாள் பூரா நிக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவன் வயிற்றுக்கடியில் கைகொடுத்து, பாதங்களைத் தரையில் பதித்துப் பிடித்தாள். கொஞ்சநேரம் ஆடினான். பிறகு கழுத்தை நீட்டிக் கூவினான். அறைக் கதவுகள் திறந்தன. தூக்கம் கலைந்த பெண்கள் சிரித்தார்கள். முத்துலட்சுமி அழுதாள். இவன் பிழைத்துக்கொள்வான் என்று நான் முழுசாக நம்பிவிட்டேன். இந்த நோயில் கொடுமையானது அந்த நம்பிக்கைதான்.

ஒரு காலையில் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தேன் (கழுத்தடியில் தீனி தங்கும் பை). முந்தின நாள் கொடுத்த கம்பு அப்படியே கல்லாக இருந்தது. டாக்டர் சொன்ன நாள் அதுதான் என்று தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் புகட்டி நீவிவிட்டேன். சாயங்காலம் வாயிலிருந்து புளித்த நீர் வழிந்தது.

அறு அறு என்று சொன்னவரிடம் கத்தியைக் கொடுத்தேன். வாங்கி, அவனைப் பார்த்து, கீழே வைத்துவிட்டார்.

"என்னால முடியாதுடி. பாத்துகினே கீறான்."

சிலுவை போட்டுக்கொண்டு நானே செய்தேன். அந்தச் சட்டையிலேயே சுற்றி, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்தோம்.

கைகழுவத் தண்ணீர் ஊற்றியபடி அவர் கேட்டார்: "வலிச்சிருக்குமா?"

"இல்ல" என்றேன். எனக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் சாப்பிட்டு முடித்ததும் என் கை தானாகக் கழுத்தடிக்குப் போகிறது. இறங்கிவிட்டதா என்று தடவிப் பார்க்கிறது. காலையில் எழுந்தால் மணி பார்ப்பதில்லை, நேற்று ராத்திரிச் சோறு செரித்ததா என்றுதான் முதல் நினைப்பு. அவர் சாப்பிடும்போது அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் அதைக் கவனித்துவிட்டார்.

"எனக்கு நல்லாத்தான் எறங்குது, பயப்படாத" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வீட்டில் யாருக்கு அந்த நாள் வந்தாலும், முதலில் கண்டுபிடிக்கப்போவது என் கைதான்.