வெள்ளைத் திட்டுக்குள் ஒரு முகம்

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். இது நிஜமாக நடந்தது, என் மைத்துனருக்கு. பழைய நெகடிவ்களை ஸ்கேன் செய்து கொடுப்பது அவர் பிழைப்பு. பொய் சொல்லக்கூடச் சோம்பல்படுகிற மனிதர். பேய் ராத்திரியில்தான் வரும் என்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: அப்போது பட்டப்பகல்.

அன்று அவருக்கு உடம்பெல்லாம் அசதி. மிச்சமிருந்தது ஒரே ஒரு நெகடிவ். அதைக் கொண்டுவந்த பெண், கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மாவைப் பறிகொடுத்தவள். அம்மாவுக்கென்று இருப்பது இந்த ஒரே படம். ஃப்ளாஷை மிகப் பக்கத்தில் அடித்துவிட்டார்கள். வீட்டிலிருந்த பிரின்டில் முகம் வெறும் வெள்ளைத் திட்டு.

“கண்ணு மட்டுமாவது தெரிஞ்சா போதும் அண்ணா,” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

நெகடிவில் எல்லாம் தலைகீழ்; அந்த வெள்ளை முகம் அதில் அட்டைக் கறுப்பு. அதற்குள் புக வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். வெவ்வேறு வெளிச்சத்தில் ஒரே படத்தை ஸ்கேன் செய்து, பிறகு ஒன்றாக்குவார். பிலிம் அசையாவிட்டால் எல்லாம் அச்சாகப் பொருந்தும்.

எக்ஸ்போஷரைக் கூட்டினார். டக்... ர்ர்ர்... முகம் வந்தது. நாற்காலியில் சாய்ந்த இளம்பெண். கண் மூடியிருந்தது. ஃப்ளாஷுக்குக் கண்ணை மூடியிருப்பாள். கேட்டவள் ஏமாந்து போவாளே என்று அவருக்குப் பாவமாக இருந்தது.

இன்னும் கொஞ்சம் கூட்டினார். ர்ர்ர்... இரண்டையும் ஒன்றாக்கினார். சுவர் பொருந்தியது. நாற்காலி பொருந்தியது. இமைகள் மட்டும் இரட்டையாகத் தெரிந்தன.

பிலிம் நகர்ந்திருந்தால் எல்லாமே அல்லவா நகர்ந்திருக்கும்?

இரண்டாவது ஸ்கேனைத் தனியாகத் திறந்தார்.

கண் திறந்திருந்தது.

அப்படியே மூடிவைத்துவிடலாம். ஆனால் கேட்டவளை நினைத்துக்கொண்டார். மறுபடி கூட்டினார். ர்ர்ர்...

கருவிழி திரும்பியிருந்தது. படத்தின் ஓரத்தில் யாரோ ஒருத்தியின் மடி. அதில் ஒரு துணிச் சுருள். அதைத்தான் பார்த்தது.

அதற்கு மேல் அவர் கூட்டவில்லை...

மறுநாள் அந்தப் பெண் தன் அத்தையோடு வந்தாள். படத்தைப் பார்த்ததும் உடைந்து அழுதாள்.

“அத்தை, உங்க மடியில இருக்கிறது நான்தானே? அம்மா என்னைத்தான் பாக்கறாங்க!”

அந்தப் பெண் முகம் கழுவப் போனதும் அத்தை மைத்துனரிடம் மெல்லச் சொன்னாள்:

“அவகிட்ட சொல்லிடாதீங்க தம்பி. உசுரோட இருந்தப்ப ஒரு போட்டோகூட எடுக்கலையேன்னு, போனப்புறம் உக்கார வெச்சு எடுத்தது இது. அந்தக் கண்ணை மூடினதே நான்தான்.”