ரெங்கம்மாவின் பள்ளி வலம்

தீவுக்கூட்டத்தின் தலைநகரில், மரைன் ஹில் சரிவில், குறிஞ்சியும் நெய்தலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஓரிடத்தில், அந்த அரசுத் தொடக்கப்பள்ளி நிற்கிறது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் மழலையர் வகுப்பின் சன்னல்கள் அதிரும். புதிதாகச் சேர்ந்த குழந்தைகள் அவ்வொலிக்கு அஞ்சி, ஒருவரைப் பார்த்து ஒருவராக அழத் தொடங்குவர். ஆசிரியை எழுவதற்குள் ஆயா ரெங்கம்மா அவர்கள் நடுவே போய் அமர்ந்திருப்பார்.

"அரே, கப்பல் மாமா பேரு சொல்றாருடா! அவரு சொல்லிட்டாரு. நீங்க சொல்ல வேணாமா? சலோ, சத்தமா!"

அழுகை சற்று நேரத்தில் பெயர்களின் ஆரவாரமாக மாறிவிடும்.

ரெங்கம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கட்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட பெற்றோருக்கு மகள். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. இப்பள்ளியில் பதினோரு ஆண்டுகளாக ஆயாவாக இருக்கிறார். கூட்டுதல், துடைத்தல், குழந்தைகளைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல் ஆகியவையே அவருக்கென்று வகுக்கப்பட்ட வேலைகள். இவற்றோடு யாரும் சொல்லாத ஒரு வேலையை அவரே சேர்த்துக்கொண்டார்.

பள்ளி திறந்த முதல் வாரத்தில், நாளுக்கு நான்கைந்து குழந்தைகளாகக் கைகோத்து, பள்ளியை ஒருமுறை வலம் வருவார். வாயிற்கதவு, மணி, தண்ணீர்க் குழாய், சத்துணவுச் சமையலறை, பாதாம் மரம் என்று ஒவ்வோரிடத்திலும் நிற்பார். பிறர் குழந்தைகளுக்கு இடங்களின் பெயரைச் சொல்லிக்கொடுப்பர். ரெங்கம்மாவோ இடங்களுக்குக் குழந்தைகளின் பெயரைச் சொல்லச் செய்வார். வங்காளக் குழந்தை குழாயைப் பார்த்து இந்தியில் தன் பெயரை அறிவிக்கும். தெலுங்குக் குழந்தை மணியின் காதருகே முணுமுணுக்கும். பெயர் சொல்லிவிட்ட இடத்தைக் கண்டு எந்தக் குழந்தையும் பிறகு மிரள்வதில்லை.

"குழாய் அட்டெண்டன்ஸ் எடுக்குதா ரெங்கம்மா?" என்று வகுப்பாசிரியை விஜயலட்சுமி ஆண்டுதோறும் கேலி செய்வார்.

"எடத்துக்கு நம்மளத் தெரியாதுல்ல டீச்சர்? புது வீட்டுக்குப் போனா நாம யாருன்னு நாமதான் சொல்லணும்" என்பது ஆண்டுதோறும் வரும் விடை.

வலத்தின் கடைசி இடம் கழிப்பறை. சிறு குழந்தைகள் பள்ளியிலேயே மிகவும் அஞ்சுவது அவ்விடத்துக்குத்தான். உள்தாழ்ப்பாளை ரெங்கம்மா முன்பே கழற்றச் செய்திருந்தார். குழந்தை உள்ளே போனதும் கதவைச் சாத்தி, வெளியே நின்று அதன் பெயரைக் கூப்பிடுவார். உள்ளிருந்து "ஹாங் ஆயாம்மா!" என்று குரல் வர வேண்டும். இவ்வொழுங்கு ஒரு நாளும் தவறியதில்லை, இவ்வாண்டு இர்பானா வரும் வரையில்.

இர்பானா கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். நான்கு வயது. வாயிற்கதவுக்குப் பெயர் சொன்னாள். மரத்துக்குப் பெயரோடு தன் அத்தாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். கழிப்பறைக்குள் தயங்காமல் நுழைந்தாள். ரெங்கம்மா கூப்பிட்டார், குரல் வரவில்லை. மீண்டும் கூப்பிட்டார், வரவில்லை. மூன்றாம் முறை கூப்பிடும்போதே பதறிக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். உள்ளே குந்தியிருந்த குழந்தை அவரைக் கண்டு வீறிட்டு அழுதது. பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தனர்.

அன்று முதல் இர்பானா பள்ளியில் கழிப்பறைப் பக்கமே போகவில்லை. போக நேருமே என்று தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினாள். இரண்டாம் வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அடக்கி வைத்ததால் வந்த காய்ச்சல் என்றார் மருத்துவர்.

காய்ச்சல் தணிந்த பின் ஒரு வியாழக்கிழமை அவளுடைய தாய் தஸ்லிமா தனியே பள்ளிக்கு வந்தார்.

"பேர எடுத்துருங்க டீச்சர். அடுத்த வருசம் பாத்துக்குறோம். பாட்டில்ல ஊத்தி விட்ட தண்ணி அப்புடியே திரும்பி வருது. புள்ளய நோவாக்கிட்டு என்ன படிப்பு?"

ஆசிரியை விடை தேடுமுன் ரெங்கம்மா முன்னே வந்தார். "தப்பு என்னோடதுதாம்மா. நான்தான் கதவத் தெறந்துட்டேன். மூணு தடவ கூப்பிட்டேன், புள்ள வாயே தெறக்கல. அந்தப் பயத்துல..."

"எங்க வச்சுக் கூப்பிட்டீங்க?"

"பாத்ரூம்ல. உள்ள இருக்கையில."

தஸ்லிமா வாயைப் பொத்திக்கொண்டார். "யா அல்லா! பாத்ரூமுக்குள்ள இருந்து பேசக் கூடாதுக்கா. எங்க வீடுகள்ல புள்ளைக்கு நெனவு தெரிஞ்ச நாள்லருந்து அதச் சொல்லித்தான் வளப்போம். எடது காலு வச்சு உள்ள போ, வாயத் தெறக்காதன்னு. அவ அப்புறம் எப்புடிப் பதில் சொல்லுவா?"

விஜயலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பதினோரு வருஷமா பாத்ரூம்ல ரோல் கால் எடுத்தீங்களே ரெங்கம்மா! இப்பதான் மாட்டினீங்க."

ரெங்கம்மா சிரிக்கவில்லை. தாயின் சொல்லுக்குப் பணிந்து வாய் மூடியிருந்த குழந்தையைத் தாமே அச்சுறுத்தி அழவைத்தது அவர் நெஞ்சில் தைத்தது.

"இனிமே கூப்பிட மாட்டேன்னு சொல்லுங்க ஆயாம்மா. முடிஞ்சு போச்சு" என்றார் ஆசிரியை.

"அது மட்டும் என்னால ஆகாது டீச்சர்." அவர் குரல் தாழ்ந்தது. "மூடின கதவுக்குப் பின்னால சத்தம் இல்லேன்னா என்னால சும்மா நிக்க முடியாது."

காரணத்தை அவர் சுருக்கமாகச் சொன்னார். சுனாமியில் கடல் கட்சாலுக்குள் புகுந்த அந்தக் காலையில், ரப்பர் மேட்டில் நின்று எல்லாரும் அவரவர் வீட்டாரின் பெயரைக் கூவினார்கள். "கொரல் குடுத்தவங்க எல்லாம் மேல வந்து சேந்தாங்க. என் தம்பி முருகையா பேர நான்தான் கூப்பிட்டேன்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

தஸ்லிமா அவரருகே வந்து நின்றார். பிறகு, பெயரை எடுத்துவிடும்படி கேட்டவர் தாம் என்பதையே மறந்தவர் போல, தாமே வழி தேடத் தொடங்கினார்.

"பேசத்தான் கூடாதுக்கா. சத்தம் போடலாம்ல? உள்ள வாளி இருக்குல்ல?"

"இருக்கு. மக்கும் இருக்கு."

"மக்கால வாளியத் தட்டச் சொல்றேன். ரெண்டு தட்டு. இருக்கேன்னு அர்த்தம். ஆனா நீங்க கூப்பிடவும் கூடாது, கதவத் தெறக்கவும் கூடாது. அவளாத் தட்டுற வரைக்கும் நிக்கணும். நிப்பீங்களா?"

"நிக்கிறேன்."

"அவ மெதுவாத்தான் செய்வா. எங்க மாமியாரு மாதிரி."

"நாளைக்கு ஒரு நாள் அனுப்பும்மா. ஆகலேன்னா நீ சொன்ன மாதிரியே செஞ்சுக்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. தஸ்லிமா மகளோடு வந்து தாழ்வாரத்திலேயே நின்றுகொண்டார். இர்பானா ரெங்கம்மாவின் விரலைப் பிடித்தாள். ஆனால் கழிப்பறை வாசலில் நின்றுவிட்டாள். ரெங்கம்மா குனிந்து, "நான் கூப்பிட மாட்டேன் கண்ணு. கதவுகிட்டயே வர மாட்டேன். இந்தா, இந்தக் கோட்டுலதான் நிப்பேன்" என்று சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்து, அதன் மேல் இரு கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டார். குழந்தை அந்தக் கோட்டை நெடுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு இடது காலை முன்வைத்து உள்ளே போனாள்.

கதவு மூடிக்கொண்டது.

ஒலியில்லை. ரெங்கம்மாவின் உதடுகள் பெயரின் முதல் எழுத்துக்காகக் குவிந்தன. அவரே கையால் அவற்றை மூடிக்கொண்டார். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதிற்று. வகுப்பறையில் அழுகை கிளம்பியது. வழக்கமாக ஓடுகிற அவர் அன்று ஓடவில்லை. இறைவன் திருமுன் நிற்கும் அடியவர் திரை விலகும் வரை அசையாது நிற்பது போல, கண்ணைக் கதவில் வைத்து, கோட்டைத் தாண்டாமல் நின்றார். கன்னத்தில் நீர் வழிந்ததை அவர் துடைக்கவுமில்லை. பதினோரு ஆண்டுகளில் அவர் செய்த தொண்டுகளில், வெறுமனே நின்ற அந்த நிற்றலே ஆகப் பெரியதென்று சொல்லத் தோன்றுகிறது.

உள்ளே குழாய் திறந்தது. வாளியில் நீர் விழுந்தது. பின், டக், டக்.

ரெங்கம்மா மூச்சு விட்டார். ஆனால் ஒலி நிற்கவில்லை. டக், டக், டக்டக், டக்கு டக்கு டக் என்று வாளி முழங்கத் தொடங்கிற்று. கண்டுகொண்ட விளையாட்டை விட மனமில்லாமல் இர்பானா கொட்டித் தீர்த்தாள். வகுப்பறைக் குழந்தைகள் அழுகையை மறந்து வாசலுக்கு ஓடி வந்தனர். விஜயலட்சுமி தலையில் அடித்துக்கொண்டு, "ரெண்டு தட்டுன்னுதானே பேச்சு? கல்யாண மேளம் வாசிக்குது உங்க பொண்ணு!" என்றார்.

தஸ்லிமா முக்காட்டின் நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டு கேட்டார்:

"நாளைக்குச் சனிக்கெழம. பள்ளிக்கூடம் உண்டா டீச்சர்?"